லைசென்ஸ் வந்த அன்றே வேலை ஆரம்பம்

"அவன் பாஸானா எனக்கு நல்லது, அக்கா. ஃபெயிலானா இன்னும் நல்லது."

முன்னறை ஜன்னல் வழியாகக் காதில் விழுந்த இந்த ஒரு பேச்சில் நார்பர்ட்டின் காலைக் காப்பி ஆறிப்போனது. சொன்னவள் அவன் மனைவி பெர்னடெட். கேட்டவள் பக்கத்து வீட்டு டெலா அக்கா. இருவரும் அவரவர் வாசலின் வெள்ளைப் பளிங்குப் படிகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். டெலா அக்கா பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

பாஸானால் நல்லது, சரி. ஃபெயிலானால் எப்படி இன்னும் நல்லது?

பால்டிமோர் முழுக்கத் தேடினாலும் குளியலறை மாற்றிக் கட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நார்பர்ட் பல பேரிடம் சொல்லியிருக்கிறான். ஆனால் அந்த வேலைக்கான லைசென்ஸ் அவனிடம் இல்லை. மச்சான் வால்டரிடம் இருந்தது. டைல்ஸ் ஒட்டுவது நார்பர்ட், வேன் கதவில் இருப்பது வால்டரின் பெயர். முந்தின வாரம் ஒரு வீட்டுக்காரி, வேலை முடிந்து பளபளத்த சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க முதலாளிக்கு என் நன்றியைச் சொல்லிடுங்க" என்றாள். அன்று சாயங்காலமே நார்பர்ட் வேன் சாவியை மச்சானின் மேஜையில் வீசிவிட்டு வந்தான்.

"இனிமே என் பேர்ல லைசென்ஸ். பரீட்சை எழுதப் போறேன். திரும்ப வால்டர் வாசல்ல போய் நின்னா என் பேர் நார்பர்ட் இல்ல."

"ரொம்பச் சந்தோஷம் கண்ணு" என்றாள் பெர்னடெட். அந்தத் தெருவில் எல்லோருக்கும் எல்லோரும் கண்ணுதான். "அப்ப நம்ம மாடி பாத்ரூம்?"

இந்தக் கேள்வியை நார்பர்ட் எதிர்பார்த்தே இருந்தான்.

ஊரார் வீட்டுக் குளியலறைகளை மினுக்கியவன், தன் வீட்டுக் குளியலறையை ஈஸ்டருக்கு முன்னால் இடித்துப் போட்டிருந்தான். தொட்டி போயிற்று, தரை போயிற்று, அதற்குப் பிறகு அவனும் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டில் மிச்சமிருந்தது நிலவறையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், சுவரும் கதவும் இல்லாமல் தன்னந்தனியாக நின்ற ஒரு பழைய டாய்லெட். பெர்னடெட் அங்கே இறங்கினால் உரக்கப் பாடுவாள். பாட்டுக் கேட்டால் வேறு யாரும் படியிறங்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். குளிப்பதற்கு டெலா அக்கா வீடு.

"படிக்கிற மனுஷன்கிட்ட டைல்ஸைப் பத்திப் பேசலாமா? பரீட்சை முடியட்டும்."

பரீட்சை முடியும்வரை படிப்பு. முடிந்த பிறகு வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்பார்கள். இரண்டுக்கும் நடுவில் மாடிக் குளியலறைக்கு இடமே இல்லை. இதுதான் அவன் திட்டத்தின் அழகு.

அதைவிட அழகு, பரீட்சையைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம் என்பது. பக்கங்களில் அடையாளத்துக்கு வண்ணக் காகிதக் கொடி ஒட்டிக்கொள்ளலாம், பிய்த்தால் வராதபடி ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நார்பர்ட் டைல்ஸ் பசையை எடுத்து ஒட்டினான். முக்கியமான பக்கத்துக்கு மஞ்சள், அதைவிட முக்கியமானதற்கு நீலம். இரண்டு நாளில் கொடி இல்லாத பக்கமே இல்லை. புத்தகம் தேர் மாதிரி நின்றது. கடைசி அத்தியாயம் பசையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்றது.

சாப்பாட்டுக்குப் பிறகு பெர்னடெட் புத்தகத்தை வாங்கிக் கேள்வி கேட்பாள்.

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட மறுநாள் வீட்டுக்காரர் மனசு மாறி வேண்டாம்ங்கிறார். நீ என்ன செய்வே?"

"ஒரு பியர் வாங்கிக் குடுத்துப் பேசிப் பாப்பேன்."

"நாலு விடையிலயும் பியர் இல்ல."

"அப்ப கேள்வி தப்பு."

"சில நாளுக்குள்ள வீட்டுக்காரர் ரத்து பண்ணிக்கலாம். மஞ்சள் கொடி."

"சரி, நான் மனசு மாறினா?"

"நீ மாற முடியாது. அந்த உரிமை வீட்டுக்காரருக்கு மட்டும்தான்."

"இது என்ன நியாயம்?"

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் அவள்.

நார்பர்ட்டுக்குத் தலை சுற்றியது. ஆணியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, தண்ணீர்க் குழாயைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. எல்லாம் தேதி, கையெழுத்து, முன்பணம். அவன் புத்தகத்தை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"பெர்னி, நான் ஃபெயிலானா உனக்கு வருத்தமா இருக்குமா?"

"எதுக்கு வருத்தம்?"

இதைக் கேட்டபின் அவனுக்கு அரைத் தூக்கம்தான்.

ஒப்பந்தம் எழுதுவது மட்டும் அவன் மண்டையில் ஏறவே இல்லை. ஒரு நாள் பெர்னடெட்டே வழி சொன்னாள். "ஒண்ணு எழுதிப் பழகேன். நம்ம பாத்ரூமையே வச்சுக்கோ. நான்தான் வீட்டுக்காரி."

நல்ல யோசனை. நார்பர்ட் உற்சாகமாக எழுதினான். தரை, தொட்டி, டைல்ஸ், எதையும் விடவில்லை.

"வேலை எப்ப ஆரம்பம்?" என்றாள் வீட்டுக்காரி.

"லைசென்ஸ் வந்த அன்னிக்கே, மேடம்."

"எப்ப முடியும்?"

"மூணு வாரம். என் வேகம் ஊருக்கே தெரியும்."

"விலை?"

பழகுவதுதானே. தாராளமாக ஒரு டாலர் என்று எழுதினான். "முன்பணம் மூணுல ஒரு பங்குக்கு மேல வாங்கக் கூடாது. நீலக் கொடி" என்று அவனே பெருமையாகச் சொன்னான். பெர்னடெட் கைப்பையைத் துழாவி முப்பத்து மூன்று சென்ட் எண்ணிக் கொடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே பையில் போட்டுக்கொண்டான். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒப்பந்தம் அவ்வளவு நன்றாக வந்திருந்ததால் அவனே அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினான்.

நார்பர்ட் பாஸானான். ஒப்பந்தக் கேள்விகள் ஒன்றுகூடத் தப்பில்லை. லைசென்ஸ் தபாலில் வந்த அன்று, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தான். மசாலா தூவி அவித்த நண்டு ஒரு பை நிறைய வாங்கிவந்து, மேஜையில் செய்தித்தாள் விரித்துக் கொட்டினான்.

"நாலு வீடு வேலைக்குக் கூப்பிட்டாச்சு. நாளைக்கே ஒரு சமையலறை."

பெர்னடெட் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து தாளை எடுத்துவந்து நண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இன்னிக்கு ஒரு பாத்ரூம்."

"அது பழகறதுக்கு எழுதினது."

"அப்படி எங்கயாவது எழுதியிருக்கா, பாரு."

நார்பர்ட் பார்த்தான். புத்தகத்தை எடுத்துவந்து, கொடி கொடியாகப் பிரித்து, ஏதாவது விட்டுப்போயிருக்காதா என்று தேடினான். தேதி இருந்தது. விவரம் இருந்தது. இரண்டு கையெழுத்தும் இருந்தன. கடைசியில் அவன் முகம் மலர்ந்தது.

"லைசென்ஸ் நம்பர் இல்ல பெர்னி. நம்பர் இல்லாம போட்ட ஒப்பந்தம் எப்படிச் செல்லும்?"

"ஓ. அப்ப லைசென்ஸ் இல்லாமலே ஒப்பந்தம் போட்டு, முன்பணமும் வாங்கின ஆள் யாரு? அந்த ஆள் மேல புகார் யாருக்கு எழுதிப் போடணும்னு நீதான் மஞ்சள் கொடி ஒட்டி வச்சிருக்கே."

நார்பர்ட்டின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. லைசென்ஸ் இன்னும் அங்கேதான் இருந்தது. அவள் பேனாவை நீட்டினாள்.

"நம்பரை இப்ப எழுதிட்டா ஒரு பிரச்சினையும் இல்ல கண்ணு."

அவன் எழுதினான். எழுதி முடித்ததும், இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததைக் கேட்டான்.

"ஒருவேளை நான் ஃபெயிலாகியிருந்தா?"

"சொந்த வீட்டு வேலைக்கு லைசென்ஸ் வேண்டாம். அதுவும் நீலக் கொடிதான். வால்டர்கிட்டயும் போக மாட்டே. வேற வேலையே இல்லாம வீட்லதானே இருந்திருப்பே? இப்ப மத்த வேலைக்கு நடுவுல மூணு வாரம் ஆகும். அப்ப பத்தே நாள்ல முடிச்சிருக்கலாம்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டெலா அக்காவின் சிரிப்பு கேட்டது.

நார்பர்ட் ஒரு நண்டைக் கையில் எடுத்தான். திரும்ப வைத்தான். டைல்ஸ் வேலைக்கான முழங்கால் பட்டைகளைக் கட்டிக்கொண்டு, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மாடிப்படி ஏறினான்.