ஊடக விருந்தினர் சம்பந்தியம்மாவுக்கு எழுதுவது

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். என் இடது முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது, காரணம் கீழே வரும். அங்கே நீங்களும் சம்பந்தியும் மாப்பிள்ளையும் நம் பெண்ணும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். ஒரே ஊரில் இருந்துகொண்டு, கையில் போனும் வைத்துக்கொண்டு, இந்த மனிதர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீங்கள் யோசிக்கலாம். போனில் பேசினால் நடுவில் "சாப்பிட்டீங்களா?" என்று அன்போடு கேட்பீர்கள், நான் என்ன சாப்பிட்டேன் என்று சொல்லப் போய் விஷயத்தைத் தொலைத்துவிடுவேன். இது தொலைக்கக்கூடிய விஷயம் அல்ல. சம்பந்தியம்மா, நான் ஊடகமாகிவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்காக 'நம் மாடி' என்ற மாத இதழை நான் நடத்தி வருவது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்திருந்தபோது ஒரு பிரதி கொடுத்தேன், நீங்களும் மரியாதையாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். லிஃப்ட் என்றைக்கு ஓடாது, தண்ணீர்த் தொட்டியை என்றைக்குக் கழுவுவார்கள், மொட்டை மாடியில் காயப்போட்ட யாருடைய போர்வை யார் வீட்டு பால்கனியில் விழுந்து கிடக்கிறது என்பன போன்ற செய்திகளை உடனுக்குடன் தருவது எங்கள் இதழ். ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர், கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வருபவர் எல்லாம் நானே. வீட்டுக்காரி இதைக் "கதவிடுக்குக் காகிதம்" என்பாள். அப்பேர்ப்பட்ட இதழின் மின்னஞ்சலுக்கு ஒரு குளிர்பானக் கம்பெனியிடமிருந்து அழைப்பு வந்தது. ஜப்பானிய முறையில் தயாரித்த புதிய தேநீர்ப் பானத்தை அறிமுகம் செய்கிறார்களாம், நான் 'ஊடக விருந்தினராக' வந்து சிறப்பிக்க வேண்டுமாம். எந்தக் கம்பெனி என்று பார்த்தேன். நம் பெண் வேலை செய்யும் அதே கம்பெனி! குடியிருப்புகளில் விற்க வேண்டும் என்பதற்காகக் குடியிருப்பு இதழ்களையெல்லாம் யாரோ பட்டியலில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். நம் பெண்ணிடம் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் "அப்பா, தயவுசெஞ்சு வராதீங்க" என்பாள், அந்த மரியாதை எனக்குத் தேவையா?

இருக்கிறதிலேயே கசங்காத சட்டையைப் போட்டுக்கொண்டு, பையில் பேனா ஒன்றும், அது எழுதாவிட்டால் எழுத இன்னொன்றும் சொருகிக்கொண்டு பஸ் ஏறினேன். பெரிய கட்டிடம், ஏழாவது மாடி. வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பெண், "எந்த மீடியா சார்?" என்றாள். "மாத இதழ்மா" என்றேன், எந்த இதழ் என்பதை விழுங்கிவிட்டு. "ஃபாலோயர்ஸ் எவ்வளவு சார் இருப்பாங்க?" என்றாள். "யாரும் வரலம்மா, பஸ்ல நான் மட்டும்தான் வந்தேன்" என்றேன். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பச்சை நாடாவில் கோத்த அட்டை ஒன்றை எடுத்து என் கழுத்தில் மாட்டினாள். அதில் கொட்டை எழுத்தில் 'ஊடகம்' என்று இருந்தது. உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க என் கழுத்தில் எதையும் யாரும் மாட்டியதில்லை, தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்த அட்டையை நான் இன்னும் கழற்றவில்லை என்று வீட்டுக்காரி உங்களிடம் போனில் புகார் சொன்னால் நம்பாதீர்கள், குளிக்கும்போது கழற்றுகிறேன்.

செருப்பைக் கழற்றச் சொல்லித் துணிச் செருப்பு கொடுத்தார்கள். உள்ளே போனால் காகித விளக்குகள், காகிதப் பூ பூத்த மரம், அதன் அடியில் கல் தொட்டி, தொட்டியில் தெளிவான நீர், மேலே மூங்கில் அகப்பை. நான் யோசித்தேன். பானத்தை அறிமுகம் செய்கிறார்கள், பானம் இங்கே இருக்கிறது, கரண்டியும் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும்? ஒரு அகப்பை எடுத்துக் குடித்தேன். எந்தச் சுவையும் இல்லை. ஆனால் ஜப்பான் விஷயம் எல்லாம் மென்மையாகத்தான் இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால், "அடடா, எவ்வளவு மென்மை!" என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற தாடிக்காரர் ஒருவர், போனில் வீடியோ எடுத்துப் போடும் பெரிய ஊடகமாம், என் கழுத்து அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவரும் ஒரு அகப்பை குடித்தார். "ஆமா சார், கடைசியில லேசா ஒரு இனிப்பு வருது பாருங்க" என்றார். வரவில்லை, இருந்தாலும் வருகிறது என்றேன். அவருக்குப் பின்னால் இரண்டு பேர், அந்த இரண்டு பேருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் என்று வரிசை நின்றுவிட்டது. அந்த நேரத்தில்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு அதிகாரி வேகமாக வந்தார். அந்த அதிகாரி நம் பெண்.

என்னைப் பார்த்ததும் அவள் கண் இரண்டும் ஒரு தடவை விரிந்து சுருங்கின. அடுத்த நொடி முகத்தில் ஒன்றும் இல்லை. சிரித்த முகமாக, "வணக்கம் சார். அது கை கழுவுற தண்ணி. டீ உள்ளே தருவோம்" என்றாள். சம்பந்தியம்மா, என் மகள் என்னை முதல் முதலாக 'சார்' என்று கூப்பிட்டாள்! மானம் போன துக்கத்தை அந்த 'சார்' அப்படியே துடைத்துவிட்டது. தாடிக்காரர் மட்டும் என்னைக் கோபமாகப் பார்த்தார். "நீங்கதானே இனிப்புன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன், அடங்கிவிட்டார்.

உள்ளே தரையில் சின்னச் சின்ன மெத்தைகள், முன்னால் முழங்கால் உயர மேஜைகள். உட்காருவதில் சிரமம் இருக்கவில்லை, பாதி வழிக்கு மேல் உடம்பே தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லாவற்றையும் நம் பெண்தான் நடத்தினாள். விளக்கைக் குறை என்று கண்ணாலேயே ஒருவருக்குச் சொல்கிறாள், விரலை அசைத்தால் திரை விலகுகிறது, கம்பெனி நிர்வாகி பேச மறந்த வரியைப் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கிறாள். ஜப்பானிலிருந்து வந்திருந்த தேயிலை நிபுணரான ஒரு அம்மாள், நான் மனசுக்குள் அவருக்குத் தேயிலையம்மா என்று பெயர் வைத்துவிட்டேன், எதற்கெடுத்தாலும் நம் பெண்ணைத்தான் திரும்பிப் பார்க்கிறார். சில்லென்று பாட்டில் வந்தது. வறுத்த அரிசி வாசனை போட்ட பச்சைத் தேநீர். பாரபட்சம் இல்லாமல் சொல்கிறேன்: முதல் மடக்கு, மழையில் நனைந்த புல்லைக் கடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது மடக்கில் புல் காய்ந்தது. மூன்றாவது மடக்கில் எனக்கு அது பிடித்துப்போய், பக்கத்து மெத்தைக்காரர் மிச்சம் வைத்த பாட்டிலையும் பார்க்க ஆரம்பித்தேன்.

இனிமேல்தான் விஷயமே. நிர்வாகி மைக்கில், "நம்ம விருந்தினர் ரொம்ப தூரத்திலேர்ந்து வந்திருக்காங்க. ஊடக நண்பர்கள் என்ன வேணும்னாலும் கேக்கலாம்" என்றார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் பாட்டிலைக் காகிதப் பூவுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மேடையில் தேயிலையம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நிர்வாகி நம் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார், கேள்வி வராததற்கு அவள்தான் குற்றவாளி என்பது போல. அவள் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் பெற்றவனுக்குத் தெரியாதா? மைக்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

எழுந்தேன். எழுந்தேன் என்றால் மேல்பாதி எழுந்தது. கால் இரண்டும் மரத்துப்போய் எனக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று கிடந்தன. மேஜையைப் பிடித்தேன், அது இலேசான மேஜை, என்னோடு கூடவே வந்தது. தாடிக்காரரின் தோளைப் பிடித்தேன். அவர் பாவம், பழசை மறந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். அப்போதுதான் முழங்கால் 'டக்' என்றது, மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். மைக் வந்தது. "நான் 'நம் மாடி' மாத இதழிலிருந்து வர்றேன்" என்றேன். "எனக்கு ஒரு சந்தேகம். இதை எப்பக் குடிக்கணும்? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். நம் பெண் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி சார்" என்று சொல்லிவிட்டு, தேயிலையம்மா பக்கம் திரும்பினாள். திரும்பி, சம்பந்தியம்மா, ஜப்பானிய மொழியில் பேசினாள்! ஏதோ ஒரு வணக்கம், ஒரு நன்றி என்று நினைக்க வேண்டாம். கடகடவென்று, கையை ஆட்டி, நடுவில் ஒரு நகைச்சுவையும் சொல்லியிருப்பாள் போல, அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் பெற்று, வளர்த்து, எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்த பெண், எனக்கு ஒரு எழுத்தும் புரியாத மொழியில் பேசுகிறாள். என் பக்கத்தில் இருந்த ஆள், "யாரு சார் இந்தப் பொண்ணு, பிச்சு உதறுதே?" என்றார். "யாரோ தெரியலீங்க" என்றேன். கண்ணில் தூசி விழுந்தது வேறு விஷயம்.

தேயிலையம்மா நீளமாகப் பதில் சொன்னார். நம் பெண் அதைத் தமிழில் சொன்னாள்: "தாகம் எடுத்தா குடிங்க. வீட்டுக்கு யாராவது வந்தா அவங்களோட சேர்ந்து குடிங்க. யார் மேலயாவது கோவமா இருந்தா, முதல்ல இதைக் குடிச்சு முடிங்க, அப்புறமா பேசுங்க. பாதிக் கோவம் பாட்டில்லயே தங்கிடும்னு சொல்றாங்க." கைதட்டல் எழுந்தது. அதோடு அணை உடைந்த மாதிரி ஆளாளுக்குக் கையைத் தூக்கினார்கள். தாடிக்காரர் மட்டுமே மூன்று கேள்வி கேட்டார். நிர்வாகியின் முகத்தில் உயிர் வந்துவிட்டது. ஆனாலும் முதல் கேள்வி நம்முடையது.

கூட்டம் கலைந்த பிறகு நம் பெண் வெளி நடையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்னப்பா இது, சொல்லாம கொள்ளாம?" என்றாள். "ஊடகம் சொல்லிட்டு வராதும்மா" என்றேன். சட்டென்று என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகுதான் சொன்னாள், கம்பெனியில் மூன்று மாதப் பயிற்சிக்கு ஒருவரை ஜப்பானுக்கு அனுப்பப் போகிறார்களாம், அது இவள்தான் என்று நிர்வாகி இப்போதுதான் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனாராம். "ஆனா வீட்ல எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலப்பா" என்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதம்.

சம்பந்தியம்மா, போன தடவை வந்திருந்தபோது, "ராத்திரி இவ்ளோ நேரம் கழிச்சு வர்றதெல்லாம் என்ன வேலையோ" என்று நீங்கள் வருத்தப்பட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. உங்கள் வருத்தம் நியாயம். நானும் அது ஏதோ கலர்த் தண்ணீர் விற்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன். போய்ப் பார்த்த கண்ணால் சொல்கிறேன், அது நூறு பேரை ஒரு விரலில் நடத்துகிற வேலை. அவளை அனுப்பி வையுங்கள். மாப்பிள்ளை சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், அவர் எங்கள் வீட்டுக்கு வரலாம், இல்லாவிட்டால் நானே அங்கே வந்து காய் நறுக்கித் தருகிறேன். பெரிதாக நறுக்குவேன், ஆனால் சுத்தமாக நறுக்குவேன். ஜப்பானிய மொழி எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதையே படித்தவள் மூன்று மாதம் தனியாக இருக்கமாட்டாளா? இதைப் படித்துக் கோபம் வந்தால், இத்துடன் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறேன், குடித்து முடித்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.

சம்பந்திக்கு என் மரியாதை. மாப்பிள்ளைக்கும் நம் பெண்ணுக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் எல்லோரும் நல்ல தூக்கமும் நல்ல பசியுமாக நீடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அப்பா
ஆசிரியர், 'நம் மாடி'

பின்குறிப்பு (ஒட்டிய உறையைப் பிரித்து எழுதியது): உறையை ஒட்டிவிட்டு நிமிர்ந்தேன், நம் பெண் போன் செய்தாள். "அத்தைக்கு நான் எழுதிட்டேன், இனிமே நீ கவலைப்படாதே" என்றேன். "அப்பா, தினம் என்னை உக்கார வச்சு ஜப்பான் பாடம் கேக்கறதே அத்தைதாம்ப்பா" என்றாள். கேட்டுக் கேட்டு உங்களுக்கும் வந்துவிட்டதாம், உங்கள் உச்சரிப்பு இவளைவிடச் சுத்தம் என்று தேயிலையம்மாவே போனில் பேசிவிட்டுச் சொன்னாராமே! பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாகிவிட்டதாம். உங்களுக்கு இருந்த வருத்தமெல்லாம், நேரமானால் கம்பெனி வண்டி அனுப்புவதில்லை என்பதுதானாம். அவள் "வீட்ல எப்படிச் சொல்றது" என்றது எங்கள் வீட்டையாம், அதாவது என்னிடமாம்; அன்றைக்குச் சந்தோஷத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டாளாம். எனக்குத் தெரிந்தால் அவள் விமானம் ஏறி இறங்கும் வரை நான் யாரையும் தூங்க விடமாட்டேன், அதனால் கடைசி வரை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முன்பே முடிவு செய்திருந்தீர்களாம். எல்லோரும் என்றால் யார் யார் என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன். வீட்டுக்காரி சமையலறைக்குள் போய்விட்டாள். ஆக, ஊடகத்துக்குத்தான் செய்தி கடைசியாகத் தெரிந்திருக்கிறது.