பல் டாக்டர் பின்கேட்டைக் காப்பாற்றிய விதம்

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். உங்கள் மகள் சுகம், அவள் குரலும் சுகம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் சிரித்தால் அசல் உங்களைப் போலவே இருக்கிறாள். அத்தையின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்றும், நான் கட்டிக்கொடுத்த பல்செட்டை நீங்கள் டம்ளரில் ஊறவைக்காமல் வாயில் மாட்டிக்கொள்கிறீர்கள் என்றும் நம்புகிறேன்.

நான் பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியைப் போனில் சொன்னபோது, “எதிர்த்து நின்னது யாரு?” என்று கேட்டீர்கள். யாருமே நிற்கவில்லை என்றேன். “அதான் ஜெயிச்சிருக்கீங்க மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து என் மனசு ஆறவில்லை. பல் டாக்டரெல்லாம் டாக்டரா என்று நான் பெண் பார்க்க வந்த அன்றே கேட்டவர் நீங்கள். இன்று சொல்கிறேன் மாமா, நேற்று இந்த ஊரில் ஒரு பல் டாக்டர் செய்ததை எந்த இருதய டாக்டரும் செய்திருக்க மாட்டான். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

எங்கள் பள்ளிக்கு இரண்டு வாசல். முன்கேட்டைத் திறந்தால் லாரி ரோடு. பின்கேட்டைத் திறந்தால் சின்னச் சந்து, அதில் சைக்கிளைத் தவிர வேறு எதுவும் நுழையாது. சின்னப் பிள்ளைகள் எல்லாம் பின்கேட்டு வழியாகத்தான் போய் வருகிறார்கள், உங்கள் பேத்தியும்தான். எங்கள் குழுத் தலைவர் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான். ஆனால் உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அவருக்குத் தெரிந்த ஒரே தீர்வு சுவர். பிள்ளைகள் சத்தம் போட்டால் சுவர், மழைத்தண்ணீர் உள்ளே வந்தால் சுவர். காவல்காரர் ஒருத்தர் இரண்டு கேட்டைப் பார்க்க முடியவில்லை என்று தலைமையாசிரியை ஒரு வார்த்தை சொன்னதுதான் தாமதம், “பின்கேட்டுல ஒரு சுவரை எழுப்பிட்டாப் போச்சு” என்று தீர்மானம் எழுதிவிட்டார். பெற்றோர் யாராவது குழுக் கூட்டத்துக்கு நேரில் வந்து மறுத்தால் தீர்மானம் விழுந்துவிடும். யாரும் வராவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். இதுவரை நடந்த எந்தக் கூட்டத்துக்கும் யாரும் வந்ததில்லை. ஆகையால் இந்த ஊர் மக்கள் இதுவரை எல்லாவற்றுக்கும் சம்மதித்திருக்கிறார்கள்.

மக்களுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பு குழுவிலேயே இளையவன் என்று என் தலையில் விழுந்தது. எனக்கு வயது நாற்பத்தேழு. அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அந்தப் பக்கம் ஒதுங்குவது ஒரு நாய் மட்டும்தான், அதுவும் படிப்பதற்காக இல்லை. வாட்ஸப்பில் போட்டேன். “லாரி ரோட்டில் பிள்ளைகள் உயிருக்கு ஆபத்து” என்ற என் செய்திக்கு ஒருவர் ரோஜாப்பூவும் இனிய காலை வணக்கமும் அனுப்பினார், அதற்குப் பதினைந்து பேர் கும்பிடு போட்டார்கள். செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட ஊதுகிறவன் கன்னம் உப்புவதையாவது அவன் பார்ப்பான். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் மாமா, எனக்கு நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள். நீங்கள் என்னை மறுத்துப் பேசாமல் அரைமணி நேரம் இருந்தது வாழ்க்கையிலேயே ஒருமுறைதான். உங்கள் கடைவாய்ப்பல்லை நான் பிடுங்கியபோது! அடடா, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேனே என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். இந்த ஊரில் பிள்ளை பெற்றவர்கள் பாதிப் பேர் என் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுக்கிறவர்கள். எழுந்து ஓட முடியாது. போனை நோண்ட முடியாது. குறுக்கே பேசவும் முடியாது. இதைவிட நல்ல சபை எந்த அரசியல்வாதிக்குக் கிடைக்கும்?

முதலில் வந்தவர் டாக்ஸி டிரைவர். இரண்டு பையன்கள் எங்கள் பள்ளியில். கீழ்த்தாடைக்கு ஊசி போட்டு, வாயில் இரண்டு பக்கமும் பஞ்சைத் திணித்து, மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்கினேன். பின்கேட்டின் வரலாறு, லாரி ரோட்டின் கொடுமை, நிர்வாகக் குழுவின் விதிமுறை எல்லாம் சொல்லி, “புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி, பள்ளிக்கூட ஹால், கட்டாயம் வரணும்” என்று முடித்தேன். மனுஷன் கண் கலங்கிவிட்டார். “ஆ... ஆ... ஊ!” என்று கையை ஆட்டி ஆட்டிச் சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினார். அடுத்த அப்பாயின்ட்மென்ட் கேட்கிறார் என்று புரிந்துகொண்டு அடுத்த நாளே வரச் சொன்னேன். இன்னும் அதிகமாகக் கண் கலங்கினார். “வாய் திறந்திருக்கு, மறுப்பு ஒண்ணும் இல்ல, ஆதரவுன்னு எழுதிக்குங்க” என்றேன் நர்ஸம்மாவிடம். மௌனமே சம்மதம் என்றால் இது மௌனத்தைவிட ஒரு படி மேல் அல்லவா?

அதற்குப் பிறகு தையல்கடைக்காரம்மா, பேக்கரிக்காரர், போஸ்ட்மேன் என்று வந்தவர் எல்லாருக்கும் சொன்னேன். விஷயம் பெரிதாக இருந்தால் சிகிச்சையைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டேன், பொதுநலம் பாருங்கள். ஆச்சரியம் என்னவென்றால் எல்லாருமே அந்தக் காலண்டரைக் காட்டினார்கள். என் காலண்டரில் ஒரு மலையருவிப் படம் உண்டு, அதில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். போகப் போகக் கிளினிக்கில் கூட்டம் குறைந்தது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டு மக்கள் போராட்டத்துக்குத் தயாராகிறார்கள் என்று உங்கள் மகளிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நேற்று புதன்கிழமை. கிளினிக்குக்கு அரைநாள் லீவு. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனால், ஹால் பூட்டிக் கிடக்கிறது! குழுவில் ஒரு ஆள் இல்லை. ஆனால் வாசலில் ஐம்பது பேர், மாமா, ஐம்பது பேர்! அத்தனையும் என் கைபட்ட வாய்கள். என்னைப் பார்த்ததும் டாக்ஸி டிரைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். “டாக்டர், உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்” என்றார். குரலில் அப்படி ஒரு வேகம். “என்கிட்ட எதுக்குங்க, தலைவர்கிட்ட பேசுங்க” என்று நான் அடக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பள்ளிக்குப் பின்பக்கம் இருந்து டொக் டொக்கென்று ஒரு சத்தம். செங்கல்லைக் கரண்டியால் தட்டுகிற சத்தம்.

எல்லாரும் ஓடினோம். பின்கேட்டில் கொத்தனார் நூல் பிடித்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார். பக்கத்தில் சிமெண்ட் கடைக்காரர், பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள். முன்னால் உங்கள் பேத்தி, புத்தகப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும், “அப்பா, நாளைலேர்ந்து நான் லாரி ரோட்லயா வரணும்? எனக்கு அந்த ஹாரன் பயம்ப்பா” என்றாள். இதுவரை எழுதியதெல்லாம் வேடிக்கைக்கு மாமா. அந்த ஒரு நிமிடம் மட்டும் வேடிக்கை இல்லை. ஊரையெல்லாம் வாயைத் திறக்க வைக்கிற எனக்கு என் வாயைத் திறக்க வரவில்லை.

அப்போது தையல்கடைக்காரம்மா சேலையைச் செருகிக்கொண்டு போய் அந்த ஈரச் சுவர்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார் பாருங்கள்! “இனி ஒரு செங்கல் வைக்கணும்னா என் மடியில வைங்க” என்றார். அடுத்து பேக்கரிக்காரர் உட்கார்ந்தார். போஸ்ட்மேன் பையோடு உட்கார்ந்தார். இடம் போதாமல் மற்றவர்கள் மணல்மேல் உட்கார்ந்தார்கள்.

சிமெண்ட் கடைக்காரர் பதறிப்போய், “நாளைக்குத்தானே கூட்டம்? எப்படியும் யாரும் வரப்போறதில்ல, தீர்மானம் ஆயிடும். கொத்தனாருக்கு நாளைக்கு வேற வேலை இருக்காம், அதான் இன்னைக்கே ஆரம்பிச்சோம்” என்று உளறிக்கொட்டிவிட்டார்.

கூட்டம் வியாழக்கிழமை! எனக்குத் தலை சுற்றியது. பள்ளிக் குழு எப்போதும் வியாழக்கிழமைதான் கூடும் என்பது பிள்ளைகளுக்குக்கூடத் தெரியுமாம். எனக்கு லீவு புதன் என்பதால் என் மண்டையில் எல்லா நல்ல காரியமும் புதனாகவே பதிந்திருக்கிறது. காலண்டரின் மர்மம் அப்போதுதான் விளங்கியது. பாவம், ஒவ்வொருத்தரும் பஞ்சுக்கு நடுவே அதைத்தான் சொல்லப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அசருவேனா? சுவர்மேல் ஒரு காலை வைத்து நின்று, “நாளைக்கு வந்திருந்தா முழுச் சுவரைத்தான் பாத்திருப்பீங்க! அதனாலதான் ஒருநாள் முன்னாடியே வரச் சொன்னேன்!” என்று முழங்கினேன். அப்புறம் கைதட்டல் மாமா, கைதட்டல்! டாக்ஸி டிரைவர்கூட வாயைப் பிளந்தபடி தட்டினார். இந்த முறை அவர் வாயைத் திறந்தது தானாகவே.

சிமெண்ட் கடைக்காரர் இறங்கி வந்துவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதருக்கு வேறு வழி? கொத்தனார் செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, அதே செங்கல்லால் சந்தோரமாகப் பெற்றோர் காத்திருந்து உட்கார நேற்றே ஒரு மேடை கட்டிக்கொடுத்துவிட்டார். “இதுவும் சுவர்தான், கொஞ்சம் குட்டை” என்று தலைவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். பேத்தி இன்று காலை பின்கேட்டு வழியாகவே குதித்துக்கொண்டு போனாள். இன்று சாயங்காலக் கூட்டம் வெறும் சடங்கு. இந்த வெற்றிக்கு முன்னால் ஒரு வாரமாக என் கடைவாய்ப்பல் தெறிக்கிற தெறிப்பெல்லாம் எம்மாத்திரம்? எதிர்த்தெரு பல் டாக்டரிடம் காட்டச் சொல்லி உங்கள் மகள் நச்சரிக்கிறாள். போயும் போயும் அவனிடமா நான் வாயைத் திறப்பேன்?

ஆகவே மாமா, மக்களுக்குத் தகவல் சொல்வது எப்படி என்று யாராவது கேட்டால் தைரியமாக உங்கள் மாப்பிள்ளையைக் கைகாட்டலாம். அத்தைக்கு என் நமஸ்காரம். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும், எல்லாருடைய பற்களுக்கும் நீண்ட ஆயுளும் உண்டாகட்டும்.

உங்கள் பெருமைக்குரிய (என்று இனி நீங்களே சொல்லப்போகும்)
மாப்பிள்ளை

பி.கு.: மத்தியானமே உறையை ஒட்டியிருந்தால் இதைச் சொல்லாமல் தப்பித்திருப்பேன். பேத்தி வெற்றிக்காகக் கொடுத்த கடலை மிட்டாயைக் கடித்ததும் அந்தக் கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்துவிட்டது. வேறு வழியில்லாமல் எதிர்த்தெருவுக்கு ஓடினேன். அவன் ஆசை தீர ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சைத் திணித்து, எடுக்கவே கூடாது என்று அனுப்பினான். அப்படியே கூட்டத்துக்குப் போனேன். ஹால் நிறைந்திருந்தது. பின்கேட்டை அடைக்கக் கூடாது என்று முடிவானது, சிமெண்ட் கடைக்காரரே கையைத் தூக்கினார். நான் எழுந்து கும்பிட்டேன். அப்போது நர்ஸம்மா என் காதில், “உக்காருங்க டாக்டர். நேத்து அவங்க பின்கேட்டுக்காக வரல, உங்க மேல புகார் சொல்லத்தான் வந்தாங்க. கையில மெஷின் இல்லாத நேரமாப் பாத்துப் பிடிக்கணும்னு. செங்கல் சத்தத்துல மறந்துட்டாங்க, இப்ப ஞாபகம் வந்திருச்சு” என்றாள். அதற்குள் டாக்ஸி டிரைவர் எழுந்து இரண்டாவது தீர்மானத்தைச் சொல்லிவிட்டார்: நாற்காலியில் ஆள் படுத்திருக்கும்போது டாக்டர் பள்ளிக்கூட விஷயம் பேசக் கூடாது, தகவல் சொல்லும் பொறுப்பு இனி நர்ஸம்மாவுக்கு. எல்லாக் கையும் மேலே போனது. நான் துள்ளி எழுந்து மறுத்தேன். “ஆ... ஆ... ஊ!” என்றேன். பின்கேட்டுச் சுவரைத் தடுத்தது யார் என்று ஹால் சுவரைக் காட்டிக் காட்டிக் கேட்டேன். “அப்பாயின்ட்மென்ட் கேக்கிறார் போல” என்றார் தையல்கடைக்காரம்மா. டாக்ஸி டிரைவர் என் முகத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, “வாய் திறந்திருக்கு, மறுப்பு ஒண்ணும் இல்ல, ஆதரவுன்னு எழுதிக்குங்க” என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, மாமா.