தூசி மட்டும் தட்டச் சொன்னாய்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கே நான், உன் பெரியம்மா, என் முழங்கால், வாசல் கேட் எல்லாரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதேபோல் இருக்க வேண்டும். உன் அப்பாவின் இசை இயந்திரமும் நலமாக இருக்கிறது. இருக்க வேண்டிய அளவுக்கு மேல் நலமாகிவிட்டது. அந்த விஷயமாகத்தான் இந்தக் கடிதம்.

வாரம் தவறாமல் போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ உன் அப்பாவைப் போலவே ஒன்றும் பேசாமல் இருந்துவிடுவாய். அந்த மௌனத்தை நான் அறுபது வருடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று, இனிமேல் தாங்காது. கடிதமென்றால் நீ திட்டுவதாவது என் காதில் விழாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பன்னிரண்டாம் தேதி இசைக் கல்லூரி மண்டபத்து நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு. அப்பா பாட்டை ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும், அதற்காகவே லீவு சேர்த்து வைத்திருக்கிறேன் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தப் பத்து நாளில் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்.

நீ சொன்னது ஒரே ஒரு வேலை. இசைக் கல்லூரியிலிருந்து பேராசிரியை வரப் போகிறார், தூசி மட்டும் தட்டி வையுங்கள் என்றாய். நானும் துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். உன் அப்பா உயிரோடு இருந்தவரை நான் அந்த அறையின் நிலைப்படியைத் தாண்டியதில்லை என்பது உனக்குத் தெரியும். உள்ளே இயந்திரம் பீரோ உயரத்துக்கு நிற்கிறது. டெலிபோன் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய பலகைகள், ஏதோ ஆஸ்பத்திரியில் தூக்கிப்போட்ட மீட்டர்கள், அறுபத்து நாலு திருகு குமிழ்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிறத்தில் ஒயர்கள். முன்பக்கம் துடைத்தேன். பக்கவாட்டில் துடைத்தேன். பின்பலகையில் ஒரு திருகாணி லேசாக ஆடியது. அதை இறுக்கலாமென்று ஸ்குரூ டிரைவரை எடுத்தவன், எப்படியென்று எனக்கே தெரியவில்லை, பலகையைக் கழற்றிவிட்டேன்.

நாற்பத்தொரு வருடம் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தவனுக்கு அந்தக் காட்சியை எப்படிச் சகிக்க முடியும் என்று நீயே சொல். பற்றவைத்த இடமெல்லாம் வெடிப்பு. எர்த் ஒயர் கிடையாது. வரிசையாகப் பதினோரு கண்டன்சர், அத்தனையும் உப்பிப்போய்க் கசிந்து கிடந்தன. கடைக்கு ஒரு செட் இந்த நிலைமையில் வந்திருந்தால் கொண்டுவந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொல்லியிருப்பேன். என் வாழ்நாள் முழுக்க ஊரில் உள்ளவர்கள் "கொய்ங்னு ஒரு சத்தம் வருது, நிறுத்திக் குடுங்க" என்று என்னிடம் வருவார்கள். உன் அப்பா அதே கொய்ங்கை வரவழைக்க முப்பது வருடம் பாடுபட்டான். ஒரே வீட்டில், ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு பேர்.

நீ பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் என்பதால் உனக்கு இது தெரிந்திருக்காது. அவன் காலை ஷிப்ட் முடித்து மதியம் வந்ததும் மாடியில் ஆரம்பிப்பான். நான் கடையைப் பூட்டிவிட்டு வந்து கீழ் அறையில் கண்ணை மூடுகிற நேரமும் அதுதான். பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பேன். பிறகு கட்டிலில் படுத்தபடியே ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் புரண்டு படுப்பேன். நிற்காது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. நாலாவது தட்டுக்குத்தான் நிற்கும். மூன்றில் நின்றதும் இல்லை, ஐந்துக்குப் போனதும் இல்லை. அழுத்தக்காரன் என்று திட்டிக்கொண்டே தூங்கிவிடுவேன். கட்டிலுக்கு மேலே அந்த இடத்தில் காரை பெயர்ந்து வட்டமாக இருக்கிறதே, அது என் கைவண்ணம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது நாள் வேலை செய்தேன். பதினோரு கண்டன்சரையும் மாற்றினேன், எர்த் கொடுத்தேன், குமிழ்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டேன். சுவிட்சைப் போட்டால் ஒரு பொட்டுச் சத்தமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பிக்கு அவன் இருக்கும்போது செய்யாததை இப்போதாவது செய்தேனே என்று நினைத்தேன். உன் பெரியம்மாவைக் கூப்பிட்டுக் கேள் என்றேன். அவள் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, ஒண்ணும் கேக்கலையே என்றாள். அதுதான் வேலைத்திறமை என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் பேராசிரியை வந்தார். நாலு வருடமாக உன் அப்பாவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர், அறைக்குள் வரும்போதே செருப்பைக் கழற்றிவிட்டு ரொம்ப மரியாதையாக வந்தார். உன் அப்பா வரைந்து வைத்த பெரிய தாளை விரித்து, எந்தக் குமிழை எப்போது எவ்வளவு திருப்ப வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் திருப்பினார். டெலிபோனைத் தூக்கினால் வருமே, அதுபோல ஒரே சீரான ஓசை வந்தது. எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. உன் அப்பா மாடித் தரையில் மைக்கை வைத்து எடுத்த பழைய கேசட் ஒன்றின் பதிவைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக் காட்டினார். முன்பாதியை ஏதோ டேப் ரெக்கார்டர் தின்றுவிட்டது, கடைசி இருபது நிமிடம்தான் மிச்சம். அதில் அந்த ஓசை மெதுவாக இறங்குகிறது, நடுங்குகிறது, எதையோ யோசிப்பதுபோல் நிற்கிறது, பிறகு ஏறுகிறது. கண்டன்சர் சூடாகச் சூடாக அதுவாகவே அப்படிப் போகுமாம், அந்தப் போக்கை நம்பித்தான் உன் அப்பா பாட்டையே அமைத்திருக்கிறானாம். எந்தெந்தக் கோளாறை நான் ஒன்பது நாள் உட்கார்ந்து ஒழித்தேனோ, அவை ஒவ்வொன்றையும் அவன் பல வருடம் பொறுக்கியெடுத்து வைத்திருந்தான்.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலாம். தரையில் உட்கார்ந்து, "கழட்டினதெல்லாம் எங்க ஐயா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் தலைநிமிர்ந்து பதில் சொன்னேன். கழற்றிய சாமானை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். இல்லாவிட்டால் நல்லதைக் கழற்றி இன்னொரு செட்டில் போட்டுவிட்டான் என்று பேச்சு வரும். உன்னிடம் கொடுப்பதற்காகப் பதினொன்றையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி வைத்திருந்தேன். டப்பாவைத் திறந்தோம். பதினோரு சீட்டிலும் என் கையெழுத்தில் "கெட்டது" என்று எழுதியிருந்தது. எது எந்த இடத்தில் இருந்தது என்று ஒன்றிலும் இல்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், எது எவ்வளவு கெட்டது என்பதில்தான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கே என்மேல் பரிதாபமாக இருக்கிறது. நல்ல சாமானைக் கழற்றிக் கெட்ட சாமானைப் போடுகிற வேலையை என் கை முதல்முறையாகச் செய்தது. முதலில் ஏதோ ஒரு வரிசையில் மாட்டியபோது இயந்திரம் போட்ட ஊளையில் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு தெருவுக்கு வந்துவிட்டார். இரண்டாவது முறை வீட்டு ஃபியூஸ் போய்விட்டது, அதை மாற்றுவதற்குள் அடுத்த வீட்டு ஃபியூஸும் போய்விட்டது, அது எப்படியென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மூன்றாவது முறை இயந்திரம் கணீரென்று பேச ஆரம்பித்தது. பேராசிரியை பரபரவென்று பதிவு செய்தார். இது எந்தக் காலத்துப் படைப்பு ஐயா என்று கேட்டார். வானொலியில் வானிலை அறிக்கை, இப்போதுதான் வாசிக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் வழி காட்டியது உன் பெரியம்மா. முப்பது வருடம் அந்தச் சத்தத்தைக் கரித்துக்கொட்டியவள். நாலாம் நாள் நாங்கள் என்னத்தையோ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்டியோடு மாடிப்படியில் வந்து நின்றாள். "இது உங்க தம்பி இல்ல. அவர் சத்தம் ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும். இது விறுவிறுன்னு ஏறுது" என்றாள். நானும் பேராசிரியையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றிலிருந்து அவள் சமையலறையில் வேலை பார்த்தபடி தீர்ப்புச் சொல்வாள், நாங்கள் மாற்றுவோம். இல்லை, இல்லை, இன்னும் கீழே, ஆ, இப்ப சரி. ஐந்து நாளில் பதினொன்றும் அதனதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பிடிக்காமல் கேட்டவளுக்குத்தான் அத்தனையும் மனப்பாடம். கடைசிக் கண்டன்சரைப் பற்றவைத்துப் போட்டபோது கீழேயிருந்து தீர்ப்பு வரவில்லை. போய்ப் பார்த்தால், அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கும் அழுகை வந்தது. நான் அழுதேன், இதிலென்ன மறைக்க இருக்கிறது.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். அந்தக் கேசட்டில் நாலு இடத்தில் "தொம்" என்று ஒரு ஓசை வருகிறது, கனமான கதவை யாரோ தூரத்தில் சாத்துவதுபோல. நாலாவது தொம்மோடு பாட்டு முடிந்துவிடுகிறது. பேராசிரியை அந்த நாலு ஓசையைப் பற்றி மட்டும் முப்பத்தெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார், மனிதனின் நாலு பருவங்களாம். உன் அப்பாவின் தாளிலும் அந்த நாலு இடத்தில் கட்டம் போட்டு, "காத்திரு, வரும்" என்று எழுதியிருக்கிறது. காத்திருந்தோம். வரவில்லை. எர்த் ஒயரை எடுத்துப் பார்த்தேன், எண்ணெயைத் துடைத்துப் பார்த்தேன், திருகாணிகளைத் தளர்த்திவிட்டும் பார்த்தேன். எதை எடுத்து எதை ஒழித்தேனோ, அந்தத் தொம் மட்டும் திரும்பி வரவே இல்லை. அது இல்லாமல் பாட்டுக்கு முடிவே கிடையாது, அரைகுறையாக மேடையேற்ற மனசு வரவில்லை, நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கிறேன் என்று நேற்று அவர் சொல்லிவிட்டார்.

ஆகவே மகளே, நீ வர வேண்டாம். உன் அப்பா ஒரு தடவை, ஒரே தடவை, மேல வந்து கேக்கறியாண்ணா என்று என்னிடம் கேட்டான். கடையில் ஆள் காத்திருக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். யாரும் காத்திருக்கவில்லை. இருந்தபோது கேட்காதவன், போன பிறகு திருத்தப் போனேன். இயந்திரத்தைக் கல்லூரிக்கே கொடுத்துவிடு, என்னிடம் விடாதே. என்றைக்காவது நடந்தாலும் நான் அந்த மண்டபத்துக்கு வருவதாக இல்லை. முப்பது வருடம் அதை நிறுத்தப் பார்த்தவனுக்கு அங்கே என்ன நாற்காலி வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து, நெடுங்காலம் இருக்க வேண்டும்.

உன்
பெரியப்பா

பின்குறிப்பு: டிக்கெட்டை ரத்து செய்யாதே. செய்துவிட்டிருந்தால் மறுபடி எடு.

இதை உறையில் போடுவதற்கு முன்னால், கடைசியாக ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாமென்று மாடிக்குப் போய் இயந்திரத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். பேராசிரியையும் தாள்களை எடுத்துப்போக வந்திருந்தார். உன் பெரியம்மா கீழ் அறையில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். என் காலடியில் "தொம்" என்று கேட்டது. பேராசிரியை கையிலிருந்த தாள்களைக் கீழே போட்டுவிட்டார். கீழே ஓடினேன். பெயர்ந்த காரையில் கம்பு இடித்துவிட்டது என்று உன் பெரியம்மா பயந்துபோய்ச் சொன்னாள். கூரைக்குக் கீழே படுத்திருப்பவனுக்கு அது வெறும் டக். மேலே, தரையில் மைக்கை வைத்திருப்பவனுக்குத்தான் தொம். முப்பது வருடத்தில் நான் அதை மேலேயிருந்து கேட்டது இதுதான் முதல் தடவை.

அவன் எனக்காக இடம் விட்டு எழுதியிருக்கிறான், மகளே. காத்திரு, வரும் என்று என்னைத்தான் எழுதியிருக்கிறான். நான் கம்பை எடுக்கிற வரைக்கும் மேலே ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறான்.

முப்பத்தெட்டுப் பக்கத்தையும் திருத்த வேண்டும் என்று பேராசிரியை மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தார், பிறகு மூக்கைச் சிந்தினார். நிகழ்ச்சி பன்னிரண்டாம் தேதியே நடக்கும். மண்டப மேடைக்குக் கீழே நாற்காலிகள் போட்டுவைக்கிற அறை இருக்கிறதாம், எனக்கு அங்கே ஒரு கட்டில் போடச் சொல்லிவிட்டேன். கம்பு நம் வீட்டுக் கம்புதான். முதல் வரிசையில் உனக்கும் உன் பெரியம்மாவுக்கும் இடம். கீழே இருந்துகொண்டு எப்போது தட்ட வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று பேராசிரியை கேட்டார். "தூக்கம் கெடும்போது தட்டுவேன்மா, அது எனக்குப் பழக்கம்" என்றேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். நாலாவது தட்டு தட்டினால் அது நின்றுவிடும். அதனால் அன்றைக்கு நாலாவது தட்டு கொஞ்சம் தாமதமாகும். பேராசிரியை கடிகாரத்தைப் பார்ப்பார். நீ பார்க்காதே.