பென்சில் கையெழுத்தும் ஒன்பதாவது பனையும்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் அவர்களுக்கு,

மாமனார் ரத்தினசாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம், எருமை சுகம், தென்னைக்கு மட்டும் உடம்பு சரியில்லை. பெங்களூரில் நீங்களும் தமிழ்ப்ரியாவும் சுகமாக இருக்க மாரியம்மன் துணையிருப்பாள். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து முடியும்வரை வைத்திருக்கச் சொல்லி நீங்கள் விட்டுப்போன பனைமரப் படத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னை நம்பிக் கொடுத்த முதல் பொருள் அது. உங்கள் காரைக்கூடக் கொடுத்ததில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது, விடுங்கள். இந்த முறை உங்களிடம் நல்ல பேர் வாங்கியே தீருவது என்று படத்தைப் பிரித்தால், ஓவியர் சோனா கீழே பென்சிலில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "ஏனுங்க, இத்தன வெல குடுத்து வாங்குன சாமானத்துல பேனாவுல போடமாட்டாங்களா?" என்றாள் உங்கள் அத்தை. பக்கத்திலேயே 12/25 என்றும் இருந்தது. தமிழ்ப்ரியாவுக்குப் போன் போட்டேன். இந்தப் படத்தில் இருபத்தைந்துதான் அச்சடிப்பார்களாம், ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிக் கையெழுத்திடுவார்களாம், அதோடு மேற்கொண்டு அச்சடிக்க முடியாதபடி அச்சுக்கட்டையையே கீறிவிடுவார்களாம். "அந்தக் கையெழுத்துக்குத்தானுங்கப்பா மதிப்பே, அவரு இந்த மாதிரி தேடித்தேடிச் சேர்க்கறாருங்க" என்றாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வரப்புக்கு இரண்டு பங்காளி இருந்ததற்கே நானும் என் அண்ணனும் கோர்ட்டுக்கு நடந்து தலை நரைத்தோம். இங்கே ஒரே படத்துக்கு இருபத்தைந்து பங்காளி, ஆதாரமோ வெறும் பென்சில். நாளைக்கு எவனாவது வந்து பன்னிரண்டாம் நம்பர் என்னுது என்று வாசலில் நின்றால் உங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஆகவே இங்குள்ள மலையாளத்து நோட்டரி வக்கீல் ஜிபியிடம் கொண்டுபோனேன். "இது பிரிண்ட் அல்லே, சேட்டா? அப்போ காப்பிதான். ஒரிஜினல் பார்க்காதெ சீல் வைக்கப் பற்றாது" என்றார். நேர்மையான மனுஷன். ஒரிஜினலுக்கு எங்கே போவது என்று முழித்தபோதுதான் மண்டையில் உறைத்தது, அந்த ஓவியர் வந்து உட்கார்ந்து வரைந்ததே நம் தோட்டத்து வரப்புப் பனைகளைத்தானே. வக்கீலை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய் வரப்பில் நிறுத்தினேன். அவரும் படத்தைக் கையில் பிடித்து ஒவ்வொரு மரமாக ஒத்துப்பார்த்தார். படத்தில் ஒன்பது பனை, வரப்பில் எட்டு. ஒன்று போன ஆடிக்காற்றில் சாய்ந்து விறகாகிவிட்டது. "ஒரு மரம் குறைவுண்டு. இப்படி ஒப்புப் போட மாட்டேன்" என்று அவர் கிளம்பப் பார்க்க, நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கடைசியில் பத்திரத்தில் பிழை திருத்துகிற வழக்கப்படி ஒன்பதாவது பனையைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, 'அடித்தல் ஒன்று' என்று குறித்து, காலியாகக் கிடந்த வானத்தில் வட்ட சீலைக் குத்தி அதன்மேல் பேனாவால் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது மனசு நிறைந்திருந்தது மாப்பிள்ளை. மற்ற இருபத்துநாலு பேரிடமும் இருப்பது வெறும் பென்சில்தான். சீல் வைத்த படம் உலகத்திலேயே உங்களிடம் மட்டும்தான் இருக்கும். பொங்கலுக்கு வரும்போது நீங்கள் சேர்த்துவைத்திருக்கும் மற்ற படங்களையும் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாக வக்கீல் வாக்குக் கொடுத்திருக்கிறார். தமிழ்ப்ரியாவுக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம். உங்களுக்கு ஆசீர்வாதத்தோடு, அத்தை கையால் இடித்த பருப்புப்பொடியும் வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் நம்பிக்கைக்குப் பாத்திரமான மாமனார்,
ரத்தினசாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் உங்கள் அத்தை படத்தைத் துடைத்துக் கொண்டுவந்தாள். பேனாக் கையெழுத்தே வந்தபிறகு பென்சில் எதற்கு என்று கீழே இருந்ததை ரப்பர் வைத்துச் சுத்தமாக அழித்துவிட்டாள், இருந்த தடமே தெரியவில்லை. அதோடு 12/25-உம் போய்விட்டது. இனிப் பங்காளி என்று ஒருவனும் கிடையாது மாப்பிள்ளை, படம் முழுக்க உங்களுக்கே.