ஜீன்ஸ் பிடி போட்ட கத்தி

வாசகர்களே, சொந்தக் கையால் கத்தி செய்கிறவர் என்றொரு இனம் உண்டு. கடையில் கத்தி வாங்குவதை இவர்கள் மகா பாவமாக நினைப்பார்கள். வார நாட்களில் சாதுவாக ஓர் உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததோ இல்லையோ, கார் ஷெட்டில் உலையை மூட்டி, லாரியிலிருந்து கழற்றிய பழைய வில்பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடி அடியென்று அடித்து, எண்ணெயில் முக்கி, 'சுர்ர்' என்று கிளம்பும் புகையில் இருமிக்கொண்டே "ஆகா!" என்பார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. விடுவார்களா? பிடி வேண்டுமே!

மரத்தில் போடலாமே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "மரமா? அதை யார் வேணா போடுவாங்களே!" என்று உங்களைப் புழுவைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

நம் பல் டாக்டர் இந்த இனத்தின் தலைமகன். எருமைக்கொம்புச் சீப்பு, சதுரங்கக் குதிரை, குளியலறைக் கதவின் குமிழ் எல்லாம் அவர் கையில் பிடிகளாகிவிட்டன. குமிழ் போன அன்று உள்ளே மாட்டிக்கொண்ட மச்சான் போட்ட கூச்சல் தெருவுக்கே தெரியும்.

ஆனாலும் அந்த நெஞ்சுக்குள் ஓர் ஏக்கம். இத்தனை கத்திகளில் ஒன்றையாவது மனைவி சமையலறைக்குள் சேர்த்ததுண்டா? "அழகுக்கு வச்சுக்குங்க. வெங்காயத்துக்கு என் கத்தி போதும்." தீர்ந்தது. தன் கத்தியால் அவள் எதையாவது வெட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடவேண்டும் என்று உருகினார், பாவம்.

அப்போதுதான் அலமாரிக் கதவில் தொங்கிய அந்த நீல ஜீன்ஸ் கண்ணில் பட்டது. இருவரும் காதலித்த கல்லூரி நாட்களில் அவள் போட்டது. சில மாதங்களாகத் தினமும் காலையில் அதன் முன் நின்று அவள் பெருமூச்சு விடுவதை அவரும் கவனித்திருந்தார். பழைய நினைவு! அழியாத காதல்! அவர் கண்கள் கலங்கின. கத்தரிக்கோலை எடுத்தார்.

பட்டை பட்டையாக வெட்டி, பசை தடவி அடுக்கி, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து இறுக்கினார். காய்ந்ததும் கல்லாகிவிட்டது. அரத்தால் ராவ ராவ, அலை அலையாக நீல ரேகைகள்!

கத்தியும் கையுமாக அவர் வீட்டுக்குள் ஓடிவந்தபோது, எடை பார்க்கும் கருவியின் மேல் மனைவி குதித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க! குறைஞ்சிடுச்சு! காலேஜ்ல இருந்த அதே எடை! சர்க்கரையை விட்டேன், நாய் துரத்தின மாதிரி ஓடினேன், எல்லாம் எதுக்கு? அந்த ஜீன்ஸுக்குள்ள நுழையத்தான்! எங்க அது? இங்கதானே மாட்டியிருந்தேன்?"

டாக்டரின் கை மெதுவாக முதுகுக்குப் பின்னால் போனது. பக்கத்தில் நின்ற மச்சான் பார்த்துவிட்டான்.

"அக்கா, நீ இனிமே அதுக்குள்ள நுழைய முடியாது. மாமா அதைக் கைக்கு அடக்கமா தைச்சுட்டாரு."

அவள் கத்தியை வாங்கிப் பிடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"உன் ஞாபகமா... ஆசையா..." என்று டாக்டர் குழறினார்.

"பிடி நல்லாத்தான் இருக்கு," என்றாள், தேன் ஒழுகும் குரலில். "இதுக்கு உறை வேணாமா?"

டாக்டருக்கு உயிர் வந்தது. "வேணும்மா! நல்ல தோல்ல போட்டா எடுப்பா இருக்கும்!"

அவள் உள்ளே போய், அவர் உயிராக நினைக்கும் தோல் ஜாக்கெட்டை எடுத்துவந்தாள்.

"ஐயோ, அது என்..."

சரக்! அவர் செய்த கத்தியாலேயே ஒரு வெட்டு; ஜாக்கெட்டின் ஒரு கை தனியாக விழுந்தது. டாக்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனால் பார்வை மட்டும் வெட்டுவாயை விட்டு நகரவில்லை.

"மாப்ளே, பாத்தியா! பிசிறே இல்லடா! வெண்ணெய்ல போற மாதிரி போகுது!" என்று கூத்தாடியவர், மிச்சமிருந்த கையை விறைப்பாக இழுத்துப் பிடித்து மனைவியிடம் நீட்டினார். "இதையும் வெட்டும்மா, இதையும் வெட்டு!"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் காலை, பிடிக்கு ஆகுமா என்று ஒருமுறை தடவிப் பார்த்தீர்களானால், அலமாரியைப் பூட்டும்படி இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். சாவியையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பித்தளைச் சாவியை உருக்கிப் பிடி வார்த்தால் எப்படியிருக்கும் என்று அதற்குள் யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்களே!