பூஜை அறைக்குப் போன போர்க் கவிதைகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். தயக்கத்தில் பாதி முருகனுக்காக, மீதி மாமியாருக்காக.

அப்போது ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு பத்தாவது, தலைக்கனம் மகாகவி அளவுக்கு. நாடு அமைதியாக இருந்த அந்த வருடங்களில், போர் வேண்டும் என்று கேட்டுக் கவிதைகள் எழுதினேன். (நான் நேரில் பார்த்த ஒரே எல்லை, கர்நாடகத்துக்குள் நுழைகிற அத்திப்பள்ளி செக்போஸ்ட்.) அதில் ஒன்று, 'மகன் பிணமாய் வந்தால் மாலையிட்டுச் சிரி' என்று ஒரு தாய்க்கு உத்தரவு போடும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் புத்தகமாக்கினேன். அட்டைக்கு அவர்களிடம் இருந்தது வேலோடு நிற்கும் முருகன் படம். நம் சாமிதானே என்று சரி சொல்லிவிட்டேன்.

வேப்பனப்பள்ளியில், பெண் வீட்டில் எனக்கு நிச்சயதார்த்தம். பெருமை தாங்காமல் சீர்த்தட்டில் வெற்றிலைக்கு மேல் ஒரு பிரதியை வைத்தேன். தட்டில் வந்தது முதலில் சாமி முன்னால் போக வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். பெண்ணின் அம்மா மாலூர்ப் பக்கம் வளர்ந்தவர். கன்னடம் படிப்பார், தமிழ் பேச்சோடு சரி. அட்டையைக் கண்ணில் ஒற்றி, குங்குமம் வைத்து, பூஜை அறையில் சேர்த்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்பே எல்லையில் நிஜமாகவே சண்டை மூண்டது. அவருடைய ஒரே மகன் அங்கே சிப்பாய். சேதி எதுவும் இல்லை. என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். போனால் கூடம் நிறையப் பெண்கள், விளக்கு, கற்பூரம்.

"மாப்ள, இத்தன நாளா பூ மட்டுந்தான் வெச்சேன். எழுதுனவரு வாயாலயே படிங்க. எம்பையன் வந்துருவான்."

பிரித்தேன். வந்தது அந்தத் தாய்க் கவிதை. எதிரே இந்தத் தாய், கண்மூடிக் கைகூப்பியபடி.

வேலைக்குச் சேர்ந்த அன்று மெஷினில் சட்டை மாட்டியபோதுகூட எனக்கு அப்படி வியர்க்கவில்லை. "முருகா" என்று தொடங்கினேன். பிறகு வாயில் வந்ததெல்லாம் பாட்டு. "பையன் மலையில நிக்கிறான், மலை உனக்குப் பழக்கந்தானே, பக்கத்துல போய் நில்லுப்பா..." பெண்கள் அழுதார்கள். என் பின்னால் தட்டோடு நின்ற, நான் கட்டப்போகிற பெண் மட்டும் அழவில்லை. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, எங்கம்மாவ சிரிக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க?"

"அது... சும்மா வேகத்துல எழுதுனதுங்க."

"எங்கண்ணன் வரட்டும், அப்புறம் கல்யாணம். வரலன்னா நீங்களும் வராதீங்க."

அதன்பின் நான் விரதம் இருந்த இருப்பில் பாதி அவள் அண்ணன் உயிருக்கு, பாதி என் கல்யாணத்துக்கு. முருகன் இரண்டையும் கொடுத்தான். ஒரு காது மந்தமாகி வந்த மச்சான், புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு மூடினார்.

"நல்லாத்தான் எழுதறீங்க மாப்ள. அடுத்த சண்டைக்கு நீங்க போங்க, நான் கவித எழுதறேன்."

மாமியாருக்கு அது இன்றும் சக்தியுள்ள புத்தகம். தெருவில் யார் பிள்ளை பெங்களூருக்கு இன்டர்வியூ போனாலும் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். ஒவ்வொரு முறையும் புதுப் பாட்டு கட்டுகிறேன். பின்னாலிருந்து என் மனைவி, "சிரிக்கற பக்கத்தப் படிங்களேன்" என்பாள்.

யாருக்காவது இதைச் சொல்வதானால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். எழுதியதை மாற்றிப் படித்து ஒருவன் படுகிற பாடு போதும். வேப்பனப்பள்ளிப் பக்கம் மட்டும் சொல்லவே வேண்டாம்.