கால்நடை மருத்துவரைக் கொன்றது யார்?

இந்த ஈஸ்டருக்குள் தன் மனைவியைத் தோற்கடித்தே தீருவது என்று ஹல்வார்ட் முடிவு கட்டினார்.

பனிச்சறுக்கில் இல்லை. அதில் தோற்றுத் தோற்று அவருக்கு வெட்கம் விட்டுப்போயிருந்தது. கொலையில்.

ஈஸ்டர் வந்துவிட்டால் நார்வேயில் யாருக்கும் ஒரு கொலையாவது இல்லாமல் பொழுது போகாது. ஊரே மலைக்குடிலுக்குப் போகும். பனியில் நாற்காலி போட்டு, வெயிலுக்கு முகத்தைக் கொடுத்து, ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு, அடுத்தவன் செத்த கதையைப் படிக்கும். அந்த வாரம் பால் பெட்டியின் முதுகில்கூட ஒரு குட்டிக் கொலை அச்சாகியிருக்கும்.

ஹல்வார்டுக்கோ வருஷம் முழுக்க ஈஸ்டர்தான். ஓஸ்லோவில் கண்ணாடிக்கடை. பார்வை சோதிக்க வந்தவர் கடைசி வரி எழுத்தைப் படித்துவிட்டால், "இவ்வளவு தெரியுதா? அப்ப இதையும் படிச்சிருங்க. முதல் பக்கத்துலயே பிணம்!" என்று ஒரு நாவலின் பெயரைச் சொல்லி அனுப்புவார். "நல்ல கும்மிருட்டுக் கதைங்க. இருட்டு சரியா இருந்தாத்தான் கண்ணு வெளிச்சத்தைத் தேடும்" என்பார். அவர் சொன்ன புத்தகம் சோடை போனதில்லை. உருளைக்கிழங்கைக் கருகவிட்டுப் படித்தவர்கள், பஸ்ஸில் இறங்க மறந்தவர்கள் எல்லாம் திரும்பி வந்து அடுத்த கொலை கேட்பார்கள்.

ஒரே குறை. இத்தனை படித்தும் கொலைகாரன் யாரென்று அவர் ஒருமுறைகூடக் கண்டுபிடித்ததில்லை.

அவர் மனைவி குன்வோர் நாலாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுவாள், பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். ஈஸ்டர்தோறும் குடிலில் அவள் ஒரு நாவலை வாய்விட்டுப் படிப்பாள். பக்கத்துக் குடில் ஓஸ்முண்டும் அவன் மனைவி போர்கில்டும் வந்து உட்காருவார்கள். தப்பாகச் சொன்னவர், உறைந்த ஏரியில் போட்ட துளையிலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவர வேண்டும். வாளி வருஷா வருஷம் ஹல்வார்ட் கையில்தான்.

"துப்பு துலக்க உனக்குத் துப்பே இல்லையேப்பா!" என்பான் ஓஸ்முண்ட்.

அதனால்தான் இந்தத் தடவை, குடிலுக்கு எடுத்துப் போக வேண்டிய புது நாவலை ஹல்வார்ட் முன்கூட்டியே வாங்கினார். 'கண் பரிசோதனை நடக்கிறது' என்று கதவில் பலகையை மாட்டிவிட்டுக் கடைக்குள் உட்கார்ந்து முழுவதையும் படித்தார். அருமையான நாவல். இரண்டு இடத்தில் அழுதார். கொலைகாரன், ஊருக்கே செல்லமான கால்நடை மருத்துவர். புத்தகத்தைப் பழையபடி காகிதத்தில் சுற்றி மூட்டையில் வைத்தார்.

குடிலில் படிப்பு தொடங்கியது. முதல் அத்தியாயத்தில், படகுக் கொட்டகையில் பாதிரியார் உறைந்து கிடந்தார். இரண்டாம் அத்தியாயத்தில் கால்நடை மருத்துவர் வந்தார், ஓர் ஆட்டைப் பார்த்தார், போய்விட்டார்.

ஹல்வார்ட் ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "அந்த ஆளுதான்."

"எந்த ஆளு?" என்றாள் குன்வோர்.

"மாட்டு வைத்தியன்."

"எப்படிச் சொல்ற?"

"கையுறையைக் கழட்டவே இல்லையே, கவனிச்சியா?"

"கையுறையா? அது இன்னும் வரவே இல்லையே?"

ஹல்வார்டுக்குச் சுளை தொண்டையில் நின்றது. "பனியில்லையா... பனின்னா கையுறை போட்டிருப்பான்ல?"

"அடேங்கப்பா! என்ன மூளை!" என்று குன்வோர் வாய்நிறையப் பாராட்டினாள். பக்கத்தைப் புரட்டினாள். ஹல்வார்ட் அன்று முழுவதும் வாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் ஐந்தாம் அத்தியாயம். குன்வோர் குரலைத் தாழ்த்திப் படித்தாள்: "ஆட்டுக்கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. கால்நடை மருத்துவர் வைக்கோலில் குப்புறக் கிடந்தார். முதுகில், கம்பளி வெட்டும் கத்தரிக்கோல்."

"ஐயோ!" என்றாள் போர்கில்ட்.

"செத்துட்டானா?" ஹல்வார்ட் எழுந்தே விட்டார்.

"செத்துட்டாரு."

"யார் சொன்னா?"

"புத்தகம் சொல்லுது."

"சொல்லாது! அவன் எப்படிச் சாவான்? கடைசியில ஏரி மேல ஓடித் தப்பிக்கப் பாக்கிறப்போதானே பனி உடைஞ்சு..."

குன்வோர் புத்தகத்தை மூடினாள்.

"கையுறை நேத்தே மாட்டிக்கிச்சு. ஆளு இன்னைக்கு மாட்டிக்கிட்டான்," என்றாள்.

ஓஸ்முண்டுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் தொங்கிப்போயிற்று. "பாவி! முடிவையே சொல்லிட்டியே. இந்த ஒரு வாரத்துக்குத்தான் வருஷமெல்லாம் காத்துக் கிடக்கேன். இனி இதுல என்ன இருக்கு?"

ஹல்வார்டுக்குத் தரையில் பிளவு இருந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. ஊருக்கெல்லாம் கதை கொடுப்பவர், சொந்த நண்பனின் ஈஸ்டரைக் கெடுத்துவிட்டார்.

"அட, விடு ஓஸ்முண்ட்," என்றாள் குன்வோர். "இவன் சொன்னது வேற கதை. அதுல கத்தரிக்கோலே கிடையாது, அது நானா சொருகினது. நம்ம கதையில பிணம் இன்னும் சூடு ஆறலை. மேல சொல்லட்டுமா?"

பின்னலை எடுத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். கொட்டகையில் இருபது ஆடுகள், ஒன்றுகூடக் கத்தவில்லை. வெளியே பனியில் உள்ளே போன காலடி மட்டும் இருக்கிறது. திரும்பி வந்த காலடி இல்லை. செத்தவர் கம்பளிச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருக்கிறார். ஏன்?

ஓஸ்முண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். போர்கில்ட் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹல்வார்ட் வெட்கத்தை மறந்தார். எத்தனை எத்தனை கொலைகளை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். எதுவும் அவர் முதுகில் இப்படிச் சில்லென்று ஊர்ந்ததில்லை. ஜன்னலோரம் இருந்த நாற்காலியை மெல்ல நடுவே தள்ளிக்கொண்டார். இந்தக் கதையைக் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் சொல்லலாமே என்று துடித்தார். எந்தக் கடையில் வாங்கச் சொல்வது?

அதற்கடுத்த நாள் செய்தி பரவிவிட்டது. மேல்மலைக் குடில்காரர்களும் சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஆள் கூடியதால் தண்ணீரும் கூடுதலாக வேண்டியிருந்தது. ஹல்வார்ட் இரண்டு வாளிகளோடு வாசலில் நின்று கெஞ்சினார்.

"குன்வோர், நான் ஏரிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிடாதே. இல்லேன்னா என் காதுல மட்டும் சொல்லிடு. யார் கொன்னது?"

குன்வோர் கண்ணை உயர்த்தாமல் ஊசியை ஓட்டினாள்.

"அது எனக்கே இன்னும் தெரியாது. நீ மெதுவாப் போயிட்டு வா, யோசிச்சு வைக்கிறேன்."